யோசனைக் கூட்டத்தை அலுவலகத்துக்கு வெளியே நடத்தினால் உண்மையில் பலன் உண்டா?

நொய்யல்கரை (கேள்வி):

வணக்கம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் நடுத்தர நிறுவனமொன்றில் வடிவமைப்புப் பிரிவைக் கவனித்துவருகிறேன். மேசைமேல் வைத்து அரைக்கும் சிறிய கிரைண்டரில் புதிய வகையொன்றை அடுத்த ஆண்டு சந்தைக்குக் கொண்டுவர நிர்வாகம் விரும்புகிறது. அதற்கான யோசனைகளைத் திரட்டித் தரும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளதால், வடிவமைப்பாளர்களோடு டூல் ரூம் (பாகங்களுக்கான அச்சுகளைச் செய்யும் இடம்), கொள்முதல், விற்பனை, சர்வீஸ் ஆகிய பிரிவுகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துச் சிறு குழு ஒன்றை அமைத்திருக்கிறோம்.

இதுவரை நடந்த கூட்டங்களில் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. கூட்ட அறையில் நீள மேசையின் தலைப்பக்கம் முதலாளி அமர்கிறார். அவருக்கு இருபுறமும் மேலாளர்கள். சர்வீஸ் பிரிவிலிருந்து வருபவரோ கதவோரத்தில், யாராவது அழைத்தால் உடனே எழுந்துபோக வசதியாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் தம் யோசனையைச் சொல்லி முடிப்பதற்குள் "இதற்கு அச்சுச் செலவு எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. கேள்வியில் தவறில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்த யோசனையை யாரும் தொடுவதில்லை.

கூட்டம் கலைந்து, எதிரிலுள்ள பேக்கரியில் தேநீர் குடிக்கும்போது நிலைமை வேறாக இருக்கிறது. சென்ற முறை அங்கேதான் அந்தச் சர்வீஸ்காரர், "வயசானவங்களால கல்லத் தூக்கிக் கழுவ முடியறதில்லைங்க. அதுக்குப் பயந்துதான் பல வீட்டுல கிரைண்டரை மூட்டை கட்டி வெச்சுட்டு மிக்சியில அரைக்கறாங்க" என்றார். எங்கள் கூட்டங்கள் அனைத்திலும் ஒலித்த பேச்சைவிட இந்த இரண்டு வாக்கியங்களில் விஷயம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே குழுவை ஆனைகட்டிப் பக்கமோ, பொள்ளாச்சியில் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்புக்கோ அழைத்துச் சென்று பேசினால் என்ன என்று நினைக்கிறேன். அது வெறும் உல்லாசப் பயணமாக முடிந்துவிடும் என்பது கணக்குப் பிரிவின் வாதம். இடத்தை மாற்றினால் சிந்தனை மாறுமா, அல்லது பேக்கரியில் நடந்தது தற்செயலா? இதைச் செய்து பார்த்தவர்கள், படித்து அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உதவி இயக்கம்:

திரைத்துறையில் சில காலம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு இப்போது விளம்பரப் படங்களுக்கு எழுதுகிறேன். "ரூம் போட்டு யோசிப்பாங்களோ" என்று ஊரே கேலி செய்கிறதே, அந்த அறைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஒரு வீட்டையோ விடுதி அறையையோ வாடகைக்கு எடுத்து, தரையில் பாயும் தலையணையுமாகப் போட்டுக்கொண்டு நடக்கும் கதை விவாதத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறிகளின் மடமாகத்தான் தெரியும். இயக்குநர் கதையைச் சொல்வார். இடையில் ஒருவர் மறிப்பார். பேச்சு எங்கோ ஒரு திருமண வீட்டுச் சண்டைக்குப் போய், அங்கிருந்து கதாநாயகியின் தந்தை யார் என்ற கேள்விக்குத் திரும்பி வரும். அப்படித் திரும்பி வரும்போது கையில் எதையாவது கொண்டுவரும் என்பதுதான் அந்த முறையின் மேல் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த அறைக்கு யார் வருவதில்லை என்பதை. நான் பார்த்தவரை, தயாரிப்பாளர் விவாதத்தில் உட்காருவதில்லை. கதை ஓரளவு உருவான பிறகு அவருக்குத் தனியாகச் சொல்லப்படும். செலவுக் கணக்கு அப்போதுதான் எழும். பணம் போடுபவர் பக்கத்தில் இருந்தால் உதவியாளர்கள் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். அரைகுறையான யோசனையை யாரும் எடுத்துப் போடமாட்டார்கள். உங்கள் கூட்ட அறையில் நடப்பதும் இதுவே. முதலாளியும் உடன் வருவார் என்றால், தென்னந்தோப்பிலும் அவர் அமரும் கயிற்றுக் கட்டில்தான் மேசையின் தலைப்பக்கமாகிவிடும்.

மலைவாசத்தலத்துக்குப் போய் விவாதிப்பதும் எங்கள் துறையில் உண்டு. முதல் நாள் பயணத்திலும் சாப்பாட்டிலும் போய்விடும், அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஊர் அழகாக இருப்பதால் எந்தக் கதையும் நன்றாக அமைந்து நான் பார்த்ததில்லை. எழுந்து தன் இருக்கைக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் இருப்பதில்தான் பயன் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது: வயதில் இளையவர் முதலில் பேசுவார், இயக்குநர் கடைசியில். இதை மட்டும் எந்த இடத்தில் நடத்தினாலும் விட்டுவிடாதீர்கள்.

அளவுகோல்:

உளவியல் பயிற்றுவிப்பவன் என்ற முறையில், இந்த உற்சாகத்துக்குச் சற்றே அணை போட விரும்புகிறேன். கூட்டாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையை 1940களிலும் 50களிலும் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத்துறையாளர். விமர்சனத்தைத் தள்ளிப்போடுங்கள், எண்ணிக்கையைப் பெருக்குங்கள், விபரீதமான யோசனையையும் வரவேற்றுப் பிறர் சொன்னதன்மேல் கட்டுங்கள் என்பவை அவர் வகுத்த விதிகள். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். நால்வர் சேர்ந்து யோசித்ததையும், நால்வர் தனித்தனியே யோசித்ததை ஒன்றாக்கித் திரும்ப வருபவற்றை நீக்கிய பட்டியலையும் ஒப்பிட்டபோது, தனித்தனியே யோசித்தவர்களின் பட்டியலே கணிசமாக நீண்டிருந்தது. காரணத்தை 1987இல் ஜெர்மனியின் மிக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே ஆகியோர் ஆராய்ந்து, கூச்சத்தையும் சோம்பலையும் விட, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதே முதன்மையான தடை என்று காட்டினார்கள். காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுதியற்றதாகத் தோன்றிவிடுகிறது. ஆனைகட்டியிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், இடமாற்றம் இந்தத் தடையைத் தொடவே தொடாது. பேசத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தனியாகத் தாளில் எழுதட்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வெளியே போவதற்கு ஆதரவான ஆய்வும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரிலி ஒப்பெஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நடந்துகொண்டே யோசித்தவர்கள் உட்கார்ந்து யோசித்ததைவிடச் சராசரியாக 60 விழுக்காடு கூடுதலாகப் படைப்பூக்கமுள்ள விடைகளைத் தந்தார்கள். அதில் என்னை நிறுத்தியது வேறொன்று. அறைக்குள் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. சிலரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வெளியே தள்ளிச் சென்றும் பார்த்தார்கள், ஆனால் தம் கால்களால் நடந்தவர்களே முந்தினார்கள். அதாவது பலனின் பெரும்பகுதி நடையிலிருந்து வந்தது, காட்சியிலிருந்து அன்று. அதே ஆய்வில், ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய கணக்குகளில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். எனவே யோசனைகளை நடந்து திரட்டுங்கள், தேர்ந்தெடுப்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். உங்கள் ஊரில் ரேஸ் கோர்ஸ் நடைபாதை இருக்கும்போது பொள்ளாச்சி வரை டீசல் எரிப்பானேன்? அது தனி மனிதர்கள்மேல் செய்யப்பட்ட ஆய்வு, குழுக்கள்மேல் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே இருவர் இருவராகப் பிரித்து நடக்க விடுவதே அதற்கு நெருக்கமாக இருக்கும்.

பேக்கரி இரைச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. ரவி மேத்தாவும் வேறு இரு ஆய்வாளர்களும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 டெசிபல் அளவிலான பின்னணி ஓசை, 50 டெசிபல் அமைதியைவிடவும் 85 டெசிபல் இரைச்சலைவிடவும் படைப்புச் சிந்தனைக்கு உகந்ததாக இருந்தது. உங்கள் பேக்கரி எதில் சேரும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டியது என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

தறிச்சத்தம்:

திருப்பூரில் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இதுவரை எழுதியவர்கள் எவரும், குழுவில் உள்ள பெண்கள் எப்படி வருவார்கள் என்று கேட்கவில்லை. ஆனைகட்டியில் இரவு தங்கல் என்று அறிவித்தால், கைக்குழந்தை உள்ளவர், வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர், வீட்டில் அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர் ஆகியோர் ஏதோ ஒரு காரணம் சொல்லி விலகிக்கொள்வார்கள். வராதவர்களின் பட்டியலைப் பார்த்தால், கிரைண்டரில் அன்றாடம் மாவு அரைப்பவர்களாக அவர்களே இருப்பார்கள்! அவர்கள் இல்லாமல் ஆண்கள் மட்டும் மலையடிவாரத்தில் உட்கார்ந்து சமையலறைப் பொருளைப் பற்றி யோசிப்பதற்கு, உங்கள் கூட்ட அறையே மேல்.

வேலை நேரத்துக்குள் தொடங்கி வேலை நேரத்துக்குள் முடியுங்கள். கம்பெனி வண்டியில் அழைத்துச் சென்று, வழக்கமாக இறங்கும் இடத்திலேயே இறக்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். அது உங்கள் தோழமை உணர்வுக்கு அவர்கள் கொடுக்கும் சந்தாவாகிவிடும். மது இருக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே, எழுத்தில் தெரிவியுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டு ஊழியர் செல்லும் எந்த இடத்தையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. "இது ஆபீஸ் இல்லையே, சும்மா ஜாலியாக" என்று தொடங்குபவர்களுக்கு இதை நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.

பாட்டுக்குப் பாட்டு, மூன்று கால் ஓட்டம் போன்றவற்றை நுழைத்து அதற்குக் குழு ஒற்றுமை என்று பெயர் சூட்டுவதையும் தவிர்த்தால் மிக்க நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய பட்டறை:

தம்பி, வாகன உதிரிபாகத் தொழிலில் நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்கு ஜப்பானியர்களிடம் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. மேலாண்மை அறிஞர்களான இகுஜிரோ நோனாகாவும் ஹிரோடாகா தகேயுச்சியும் 1990களில் பதிவு செய்தவை அவை.

ஹோண்டா நிறுவனத்தில் வடிவமைப்பில் சிக்கல் முற்றும்போது, 'தமா தாஷி காய்' என்று ஒரு முகாம் நடத்துவார்கள். பணியிடத்துக்கு வெளியே, பெரும்பாலும் வெந்நீர் ஊற்றுள்ள ஒரு சத்திரத்தில், சேர்ந்து உண்டு, குளித்து, அரிசி மது அருந்திக்கொண்டே சிக்கலைப் பேசுவார்கள். (தறிச்சத்தம் அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் வழக்கத்தைச் சொல்கிறேன்.) திட்டக் குழுவைச் சேராதவர்களும் ஆர்வமிருந்தால் கலந்துகொள்ளலாம், பேசுபவரின் பதவியையோ தகுதியையோ யாரும் கேட்கக் கூடாது. அங்கே விலக்கப்பட்டது ஒன்றே: மாற்று வழி சொல்லாமல் குறை மட்டும் சொல்வது. இதை உங்கள் கூட்டத்துக்கு அப்படியே கொண்டுவரலாம். "அச்சுச் செலவு எவ்வளவு?" என்று கேட்பவர், அந்தச் செலவைக் குறைக்கும் ஒரு வழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேள்வியைத் தடுக்கவில்லை, கேட்பவரையும் வேலையில் இழுத்துவிடுகிறீர்கள். ஆஸ்போர்ன் விதித்ததுபோல் விமர்சனத்தை முற்றிலும் தள்ளிவைப்பதைவிட, பொறியாளர்களிடம் இதுவே எடுபடும் என்பது என் எண்ணம். குறை காணாமல் இருக்கச் சொன்னால் அவர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

இதைவிட உங்களுக்கு நெருக்கமான கதை மட்சுஷிதா (இன்றைய பானசோனிக்) நிறுவனத்தின் ரொட்டி இயந்திரம். 1985 வாக்கில் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றபோது, மாவைச் சரியாகப் பிசையச் செய்ய அவர்களால் இயலவில்லை. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டும் தெளிவு பிறக்கவில்லை. அப்போது இகுகோ தனாகா என்ற மென்பொருள் வல்லுநர், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் ரொட்டிக்கு நகரில் நல்ல பெயர் இருப்பதை அறிந்து, அங்கே தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பயிற்சி பெற்றார். அவர் மாவை ஒரு தனி விதமாக இழுத்துப் பிசைவதைக் கண்டார். பொறியாளர்களோடு சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டு முயன்று, இயந்திரத்தின் உட்புறம் விலா எலும்புகள்போல் வரம்புகள் அமைத்து அந்த இழுவையைக் கொண்டுவந்தார்கள். வெளிவந்த முதல் ஆண்டிலேயே அது விற்பனையில் சாதனை படைத்தது.

ஆகையால், வெளியே போவதென்றால் தென்னந்தோப்புக்கு எதற்கு? தென்னந்தோப்பில் உளுந்து அரைக்கிறார்களா? விடியற்காலையில் மாவு அரைக்கும் ஒரு மெஸ்ஸின் பின்கட்டுக்குப் போங்கள். தனியாக வாழும் முதியவர் ஒருவர் வீட்டில், அவர் சம்மதித்தால், அரைத்து முடித்துக் கழுவும்வரை பாருங்கள். கல்லை எப்படிப் பிடித்துத் தூக்குகிறார், வழித்த மாவு எங்கே ஒட்டி நிற்கிறது, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிறாரா என்பதை உங்கள் டூல் ரூம்காரர் நேரில் காணட்டும். அங்கே உங்கள் சர்வீஸ்காரர்தான் எல்லோரையும்விட விவரம் தெரிந்தவராக இருப்பார். பேச்சும் தானாகவே அவரிடம் போய்ச் சேரும். பேக்கரியில் நடந்தது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன், ஆனால் அதற்குத் தேநீர் மட்டும் காரணமில்லை.

நொய்யல்கரை:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன மெஸ் யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. தறிச்சத்தம் குறிப்பிட்டதைப் பார்த்த பிறகு இரவு தங்கலைக் கைவிட்டுவிட்டேன். எங்கள் குழுவிலும் கொள்முதல், வடிவமைப்புப் பிரிவுகளில் பெண்கள் உள்ளனர்.

இன்னொரு ஐயம். நடந்துகொண்டும் தேநீர் குடித்துக்கொண்டும் பேசுவதை யார், எப்படிக் குறித்துவைப்பது? கைப்பேசியில் பதிவு செய்யலாம் என்றால் ஆட்கள் உஷாராகிவிடுவார்கள்.

கரும்பலகை:

பதிவு செய்யாதீர்கள், ஒரு நோட்டு வாங்குங்கள். கணிதத்தில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உள்ளது. அன்று போலந்திலும் இன்று உக்ரைனிலும் இருக்கும் ல்வூஃப் நகரில், ஸ்காட்டிஷ் கஃபே என்ற காபிக் கடையில் ஸ்டெஃபான் பனாக், ஸ்டானிஸ்லாவ் மாசூர், ஸ்டானிஸ்லாவ் உலாம் முதலிய கணித மேதைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து விவாதிப்பார்கள். மேசைகளின் மேற்பரப்பு பளிங்கு என்பதால் அதிலேயே பென்சிலால் எழுதினார்கள். கடையைத் துப்புரவு செய்யும்போது அத்தனையும் அழிந்துபோகும். 1935இல் பனாக்கின் மனைவி ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிக் கொடுத்தார். அதைக் கடைப் பணியாளர் பத்திரமாக வைத்திருந்து, இவர்கள் வந்து கேட்கும்போது எடுத்துத் தருவார். தீர்வு காணப்பட்ட கணக்குகளோடு தீராத கணக்குகளையும் அதில் எழுதினார்கள், சிலவற்றுக்குப் பரிசும் அறிவித்தார்கள். 1936இல் மாசூர் எழுதிய 153ஆம் கணக்குக்குப் பரிசு உயிருள்ள ஒரு வாத்து. ஸ்வீடனைச் சேர்ந்த பெர் என்ஃப்லோ 1972இல் அதற்கு விடை கண்டு, வார்சாவில் மாசூர் கையாலேயே அந்த வாத்தைப் பெற்றுக்கொண்டார்.

உங்களுக்கு இதில் பயன்படக்கூடியது, அந்த நோட்டு கேள்விகளுக்கும் இடம் கொடுத்தது என்பது. யோசனைகளை மட்டும் எழுதச் சொன்னால் சிலர் பேனாவையே தொடமாட்டார்கள், "கல்லைத் தூக்காமல் கழுவ முடியுமா?" என்று ஒரு வரி எழுத யாருக்கும் கை கூசாது. எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். நோட்டை மேலாளரின் மேசை இழுப்பறையில் பூட்டிவைக்க வேண்டாம். பேக்கரிக்காரர் சம்மதித்தால் அவருடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கலாம்; தொழில் ரகசியம் என்று அஞ்சினால், வாயில் காவலாளியிடம்.

உதவி இயக்கம்:

நோட்டு யோசனை அருமை. முதலாளியைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே?

நொய்யல்கரை:

இன்று காலை அவரிடம் பேசினேன். மெஸ்ஸுக்கு அவரும் வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவருடைய தாயார் வீட்டில் கிரைண்டர் பழுதாகிக் கிடக்கிறதாம், அந்த அக்கறையில் கேட்கிறார் என்பதால் மறுக்க மனம் வரவில்லை. ஆகவே இப்படி ஒப்புக்கொண்டிருக்கிறோம்: காலையில் மெஸ்ஸின் பின்கட்டுக்கு எல்லோரோடும் அவரும் வருவார், ஆனால் அங்கே பார்ப்பதோடு சரி. அதன் பிறகு அவர் அலுவலகம் திரும்பிவிடுவார். நாங்கள் ரேஸ் கோர்ஸில், வெயில் ஏறுவதற்குள், இருவர் இருவராக நடந்துவிட்டு, எங்காவது நிழலில் உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் எழுதி, அதன் பிறகு பேசுவோம், சர்வீஸ்காரர் முதலில். செலவுக் கணக்கு இரண்டு நாள் கழித்துக் கூட்ட அறையில், முதலாளி முன்னிலையில்.

கணக்குப் பிரிவுக்கு ஒரு வேனும் காலைச் சிற்றுண்டியும் மட்டுமே செலவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெஸ்காரர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஐந்தரை மணிக்கு முன்பு வந்துவிட வேண்டும், இட்லி ஊற்றத் தொடங்கிய பிறகு யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. அந்த நேரத்துக்குப் பெண்களை வீட்டிலிருந்தே வண்டியில் அழைத்துவருவதா, அல்லது அவர்களுக்கு மட்டும் முதியவர் வீட்டுப் பகுதியை மாலையில் வைத்துக்கொள்வதா என்று தறிச்சத்தம் சொன்னால் நன்று.

தறிச்சத்தம்:

இரண்டையும் அவர்களிடமே கேளுங்கள். பிரித்து மட்டும் வைக்காதீர்கள்.